அணு எண் தந்த இளைஞர்

ஆய்வகச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஹைட்ரஜனுக்கு 1, ஹீலியத்திற்கு 2, கார்பனுக்கு 6, இரும்புக்கு 26, தங்கத்திற்கு 79 என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முழு எண் அச்சிடப்பட்டிருக்கும். அதுவே அணு எண். சினிமாக் கொட்டகை நாற்காலிக்கு எண் ஒட்டுவதைப் போல, நம் வசதிக்காக ஒட்டப்பட்ட எண் அன்று அது. அணுவின் உள்ளே உண்மையாகவே இருக்கும் ஓர் அளவு. இதைச் சோதனை மூலம் நிலைநாட்டியவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர்.

ஆண்டுதோறும் நான் பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மோஸ்லி விதியைப் பாடமாக நடத்துகிறேன். கரும்பலகையில் ஒரு சமன்பாடு, ஒரு நேர்கோட்டு வரைபடம். ஒரு பாடவேளைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒருமுறை பாடத்தின் முடிவில் ஒரு மாணவி எழுந்து, "இவருக்கு எந்த வருஷம் சார் நோபல் பரிசு கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை என்றேன். "ஏன் சார்?" என்றாள். "யுத்தத்தில் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 27" என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது. அன்று வகுப்பில் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அறிஞர் குடும்பத்துப் பிள்ளை

ஹென்றி க்வின் ஜெஃப்ரீஸ் மோஸ்லி 1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள வேமத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை விலங்கியல் அறிஞர். 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்து உலகைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பலில் சென்ற விஞ்ஞானிகளுள் ஒருவர். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். தாயின் தந்தை கிளிஞ்சல்களையும் சிப்பிகளையும் ஆராய்ந்து பெயர் பெற்றவர். ஹென்றிக்கு நான்கு வயது நிறைவதற்குள் தந்தை காலமாகிவிட்டார். தாய்தான் வளர்த்தார்.

ஈட்டன் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்த மோஸ்லி, 1910இல் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியலில் பட்டம் பெற்றார். அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்புதான். தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக மனம் உடைந்துபோகும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டில் அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அணு ஆராய்ச்சிக்கு அதைவிடச் சிறந்த இடம் உலகில் இல்லை எனலாம். மெல்லிய தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சிய கைகர், மார்ஸ்டன் ஆகிய இருவரும் அங்கே இருந்தனர். அவர்களுடைய சோதனையைக் கொண்டு அணுவின் நடுவில் கரு ஒன்று உண்டு என்று ரூதர்போர்டு 1911இல் அறிவித்தார். பின்னாளில் நியூட்ரானைக் கண்டுபிடித்த சாட்விக் அங்கே மாணவராக இருந்தார். டென்மார்க்கிலிருந்து வந்த நீல்ஸ் போர் 1912இல் சில மாதங்கள் அங்கே தங்கிப் பணியாற்றினார். எல்லாருமே இளைஞர்கள். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

மோஸ்லி கடும் உழைப்பாளி. இரவு முழுவதும் ஆய்வகத்தில் இருப்பார். மான்செஸ்டரில் அதிகாலை மூன்று மணிக்கு எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும் என்று அவரோடு ஆராய்ச்சி செய்த சார்லஸ் கால்ட்டன் டார்வின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பரிணாமக் கொள்கையைத் தந்த டார்வினின் பேரர்தாம் இவர்.

எடையில் இருந்த சிக்கல்

மோஸ்லி தீர்த்துவைத்த சிக்கல் என்ன? ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கினார். ஒத்த பண்புடைய தனிமங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்தன. ஆனால் சில இடங்களில் வரிசை இடறியது. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினின் அணு எடை 126.9. எடைப்படி அயோடின் முன்னே வரவேண்டும். ஆனால் அயோடின் குளோரின், புரோமின் ஆகியவற்றின் உடன்பிறப்பு. அந்தக் குடும்பத்தில்தான் அதற்கு இடம். எனவே மெண்டலீவ் எடையை ஒதுக்கிவிட்டுப் பண்பைப் பார்த்து டெலூரியத்தை முன்னே வைத்தார். அளந்த எடையில் பிழை இருக்கலாம் என்று அவர் எண்ணினார். பிழை இல்லை என்று பின்னர் தெரிந்தது. ஆர்கானும் பொட்டாசியமும் இதே சிக்கலைத் தந்தன. கோபால்ட்டும் நிக்கலும் அப்படியே: கோபால்ட்டு 58.93, நிக்கல் 58.69.

அப்படியானால் வரிசையைத் தீர்மானிப்பது எடை அன்று. வேறு ஏதோ ஒன்று. அது எது? வான் டென் புரூக் என்ற டச்சுக்காரர் ஒரு கருத்தைச் சொன்னார். அவர் தொழிலால் வழக்கறிஞர். இயற்பியல் அவருக்கு ஓய்வுநேர ஆர்வம். அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுவே அதன் அணுக்கருவில் உள்ள மின்னூட்டத்தின் அளவு என்பது அவர் ஊகம். அழகான ஊகம்தான், ஆனால் அதை நேராக அளந்து காட்டினால் அல்லவா நம்பலாம்?

தண்டவாளத்தில் ஓடிய தனிமங்கள்

அளப்பதற்கான கருவி 1912இல் கிடைத்தது. எக்ஸ் கதிர்கள் படிகத்தின் வழியே செல்லும்போது விளிம்பு விளைவு அடைகின்றன என்று ஜெர்மனியில் லாவே காட்டினார். உடனே இங்கிலாந்தில் வில்லியம் பிராக், லாரன்ஸ் பிராக் என்ற தந்தையும் மகனும் அதைக் கொண்டு எக்ஸ் கதிர்களின் அலைநீளத்தை அளக்கும் முறையை வகுத்தனர். உங்கள் பாடநூலில் உள்ள பிராக் விதி அதுவே. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வெளியிடுகிறது என்பதைப் பார்க்லா என்பவர் ஏற்கெனவே கண்டிருந்தார். அவற்றுக்கு 'கே' கதிர், 'எல்' கதிர் என்று பெயரிட்டவரும் அவரே.

இவை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தவர் மோஸ்லி. எக்ஸ் கதிர்க் குழாயில் வேகமான எலெக்ட்ரான்கள் ஓர் உலோகத் துண்டின்மீது மோதும். அந்த இலக்கிலிருந்து எக்ஸ் கதிர்கள் வெளிப்படும். ஒவ்வொரு தனிமமாக மாற்றி மாற்றி ஆராய வேண்டும். ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து, இலக்கை மாற்றி, மறுபடியும் காற்றை வெளியேற்றுவது என்றால் மாதக்கணக்கில் நேரம் ஆகும். மோஸ்லி ஒரு வழி கண்டார். வெற்றிடக் குழாயின் உள்ளேயே சிறு தண்டவாளம் அமைத்து, அதில் ஒரு சிறு வண்டியை வைத்து, வண்டியில் பல தனிமங்களை வரிசையாகப் பொருத்தினார். தூண்டில் போடப் பயன்படும் பட்டுக் கயிற்றால் வண்டியை இழுத்து, வேண்டிய தனிமத்தைக் கதிரின் நேரே கொண்டுவந்தார். குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. குழந்தைகளின் விளையாட்டு ரயில் போன்ற இந்த ஏற்பாடுதான் வேதியியலின் அடிப்படையை மாற்றியது.

வெளிவந்த கதிர் ஒரு படிகத்தில் பட்டுத் திரும்பிப் புகைப்படத் தகட்டில் கோடாக விழுந்தது. கோடு விழுந்த இடத்தைக் கொண்டு அலைநீளத்தைக் கணக்கிட்டார். தனிமங்களின் தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைத்தபோது கோடுகள் மாடிப்படி போல ஒழுங்காக விலகிச் சென்றன. பித்தளையை இலக்காக வைத்தபோது செம்பின் கோடும் துத்தநாகத்தின் கோடும் சேர்ந்து விழுந்தன. ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் கலந்திருக்கின்றன என்பதை இதைக் கொண்டு சொல்லிவிடலாம் என்பதையும் மோஸ்லி கண்டுகொண்டார்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

கோடுகளின் அதிர்வெண்ணை எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, தனிமத்தின் வரிசை எண்ணுக்கு எதிராக வரைபடம் வரைந்தார் மோஸ்லி. கிடைத்தது நேர்கோடு. 'கே' கதிர்களுள் செறிவு மிக்க கோட்டுக்கு, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணு எண்ணில் ஒன்று குறைந்த அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இதுவே மோஸ்லி விதி. ஏன் ஒன்று குறைகிறது? அணுவின் உட்கூட்டில் எஞ்சியிருக்கும் மற்றோர் எலெக்ட்ரான் கருவின் மின்னூட்டத்தில் ஏறத்தாழ ஓர் அலகை மறைத்துவிடுகிறது. நீல்ஸ் போர் 1913இல் வெளியிட்ட அணுக்கொள்கையிலிருந்தும் இதே சமன்பாடு கிடைக்கிறது. புதிதாகப் பிறந்த அந்தக் கொள்கைக்கு இது பெரிய வலுவைத் தந்தது.

இதை நம்புவதற்கு என் சொல் தேவையில்லை, நீங்களே சரிபார்க்கலாம். கோபால்ட்டின் 'கே' கோட்டின் அலைநீளம் 1.790 ஆங்ஸ்ட்ராம், நிக்கலுக்கு 1.659 ஆங்ஸ்ட்ராம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 1.039 வரும். கோபால்ட்டின் அணு எண் 27, நிக்கலின் அணு எண் 28 என்று கொண்டால், ஒன்று குறைத்து 26, 27. இப்போது 27ஐ 26ஆல் வகுத்தால் 1.038. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே எடையில் குறைந்ததாயினும் நிக்கல் கோபால்ட்டுக்குப் பின்னே வருவதுதான் சரி. பல ஆண்டுகளாக இருந்த குழப்பம் சில புகைப்படத் தகடுகளில் தீர்ந்துபோயிற்று.

1913 டிசம்பரில் முதல் கட்டுரை வெளியாயிற்று. அதற்குள் மோஸ்லி ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பியிருந்தார். அங்கே அவருக்குப் பதவி எதுவும் இல்லை. ஆய்வகத்தில் இடம் மட்டும் கிடைத்தது. அலுமினியத்திலிருந்து தங்கம் வரை ஆராய்ந்து எழுதிய இரண்டாம் கட்டுரை 1914 ஏப்ரலில் வந்தது. இரண்டுக்கும் இடையே சில மாதங்களே.

காலியாக இருந்த கட்டங்கள்

எடையைக் கொண்டு அடுக்கும்போது, இரண்டு தனிமங்களுக்கு இடையே இன்னும் கண்டுபிடிக்காத தனிமம் ஒன்று உண்டா, இரண்டு உண்டா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. முழு எண் கிடைத்தபின் அந்த ஐயம் நீங்கியது. 42க்கும் 44க்கும் இடையே 43 என்று ஒன்று இருந்தே தீரவேண்டும். அதற்கு மேல் ஒன்றும் இருக்க முடியாது. அலுமினியத்திற்கும் தங்கத்திற்கும் இடையே 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரிய தனிமங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்று மோஸ்லி எழுதினார்.

அருமண் தனிமங்கள் வேதியியலாரை மிகவும் வாட்டியவை. அவற்றின் பண்புகள் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மொத்தம் எத்தனை என்பதே தெரியாதிருந்தது. பிரெஞ்சு வேதியியலார் ஊர்பேன் பல்லாண்டுகள் அதில் உழைத்தவர். அவர் 1914இல் தம்மிடம் இருந்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். எந்த மாதிரியில் எது எது உள்ளது என்பதை மோஸ்லி சில நாட்களில் சொல்லிவிட்டார். 72ஆம் தனிமத்தைக் கண்டுவிட்டதாக ஊர்பேன் நம்பியிருந்தார். அதற்குரிய கோடு தகட்டில் விழவில்லை. தம் நம்பிக்கை பொய்த்தபோதும் அந்த இளைஞரின் திறமையை ஊர்பேன் மனமாரப் பாராட்டினார்.

காலியிடங்கள் பின்னர் ஒவ்வொன்றாக நிரம்பின. 72ஆம் தனிமமான ஹாஃப்னியம் 1923இல் கோபன்ஹேகனில் கிடைத்தது. எக்ஸ் கதிர்க் கோட்டைக் கொண்டே அதை அடையாளம் கண்டார்கள். 75ஆம் தனிமமான ரீனியம் 1925இல் ஜெர்மனியில் கிடைத்தது. 43ஆம் தனிமமான டெக்னீசியம் 1937இல் இத்தாலியில் அடையாளம் காணப்பட்டது. 61ஆம் எண்ணுக்குப் பிறகு வருவோம். அதற்குள் யுத்தம் குறுக்கிடுகிறது.

ஆய்வகத்திலிருந்து பாசறைக்கு

1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் தன் ஆண்டுக் கூட்டத்தை ஆஸ்திரேலியாவில் நடத்தியது. ரூதர்போர்டு சென்றார். மோஸ்லியும் தம் தாயுடன் சென்றார். கூட்டம் தொடங்கும் முன்பே, ஆகஸ்டு 4ஆம் நாள், பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுத்துவிட்டது. மோஸ்லி கூட்டத்தில் கலந்துகொண்டு பேசினார். முடிந்ததும் விரைந்து நாடு திரும்பினார். ஆராய்ச்சியைத் தொடர அன்று; படையில் சேர.

இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். யாரும் அவரைப் பிடித்து இழுத்துச் செல்லவில்லை. பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை 1916இல்தான் வந்தது. ஆய்வகத்திலேயே இருந்து நாட்டுக்கு உதவலாம் என்று மற்றவர்கள் சொல்லியும் அவர் இசையவில்லை. தம் வயதினர் எல்லாரும் களத்திற்குப் போகும்போது தாம் மட்டும் விலகி நிற்பது முறையன்று என்று கருதினார். ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் இடம் கேட்டுப் பெற்று, செகண்ட் லெப்டினன்ட் ஆனார். 13ஆம் டிவிஷனைச் சேர்ந்த 38ஆம் பிரிகேடுக்குச் செய்தித்தொடர்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். களத்தில் தொலைபேசிக் கம்பி இழுப்பதும், அறுந்தால் ஒட்டுவதும், உத்தரவுகளைக் கொண்டுசேர்ப்பதும் அவருடைய பிரிவின் வேலை.

1915 ஜூனில் அவருடைய படை கப்பல் ஏறியது. அந்த மாத இறுதியில் மோஸ்லி தம் உயிலை எழுதினார். தம் கருவிகளும் பணமும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கென லண்டன் ராயல் சொசைட்டியைச் சேரவேண்டும் என்பது அதன் சாரம்.

1915 ஆகஸ்டு 10

கப்பல் சென்ற இடம் துருக்கியின் கலிப்போலித் தீபகற்பம். டார்டனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றிக் கான்ஸ்டான்டினோபிளுக்கு வழி திறக்கப் பிரிட்டனும் பிரான்சும் முயன்றன. ஏப்ரல் 25ஆம் நாள் படைகள் கரையிறங்கின. மூன்று மாதங்களுக்கு மேலாகியும் கரையோரத்தைத் தாண்டி அதிகம் முன்னேற முடியவில்லை. மேட்டு நிலங்கள் துருக்கியர் கையில் இருந்தன. அவற்றைப் பிடிக்க ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு புதிய தாக்குதல் தொடங்கியது.

அந்த மலைச்சரிவில் நம் நாட்டிலிருந்து சென்ற படைகளும் இருந்தன. ஆகஸ்டு 9 விடியற்காலையில் கூர்க்காப் படையினர் மலை முகட்டை எட்டினர். அவர்களுக்குத் துணையாக வந்து சேரவேண்டிய படை இருட்டில் கரடுமுரடான பள்ளத்தாக்குகளில் வழி தடுமாறித் தாமதித்துவிட்டது. முகட்டில் நிலைக்க முடியாமல் கூர்க்காக்கள் பின்வாங்க நேர்ந்தது. தாமதித்த படைக்குத் தலைமை தாங்கியவர் 38ஆம் பிரிகேடின் தளபதி பால்ட்வின். அவருடைய படை முகட்டுக்குக் கீழே, படையினர் 'பண்ணை' என்று அழைத்த சிறு சமதளத்தில் தங்கியது. மோஸ்லி இந்தப் பிரிகேடைச் சேர்ந்தவர்.

மறுநாள், ஆகஸ்டு 10 அதிகாலை, முஸ்தபா கெமால் தலைமையில் துருக்கியப் படை முகட்டிலிருந்து அலைபோல் இறங்கித் தாக்கியது. பிற்காலத்தில் அதாதுர்க் என்ற பெயருடன் துருக்கிக் குடியரசை நிறுவியவர் அவரே. அன்று அந்தச் சமதளத்தில் இருந்தவர்களுள் உயிர் தப்பியவர் சிலரே. தளபதி பால்ட்வின் கொல்லப்பட்டார். மோஸ்லி தொலைபேசியில் ஓர் உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. 28 வயது நிறைய இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தன.

அவர் உடல் புதைக்கப்பட்ட இடம் தெரியாது. கலிப்போலியின் தென்முனையில் உள்ள ஹெல்லஸ் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத 20,000க்கும் மேற்பட்டோர் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வளவு பேரைப் பலிகொண்ட படையெடுப்பு எதையும் சாதிக்கவில்லை. 1916 ஜனவரியில் எஞ்சிய படைகளும் தீபகற்பத்தை விட்டு வெளியேறின.

ஆய்வகம் சிதறியது

மோஸ்லியின் மரணச் செய்தி அறிவுலகை உலுக்கியது. ரூதர்போர்டு 'நேச்சர்' வார இதழில் இரங்கல் எழுதினார். இத்தகைய அறிவாளியைத் துப்பாக்கிக் குண்டுகளின் எதிரே நிறுத்தியது எவ்வளவு பெரிய விரயம் என்பதை அவர் அதில் எடுத்துரைத்தார்.

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயர்களை இப்போது பாருங்கள். ஒரே மேசையில் சோதனை செய்த கைகரும் மார்ஸ்டனும் எதிரெதிர்ப் படைகளில் இருந்தனர்: கைகர் ஜெர்மன் பீரங்கிப் படையில், மார்ஸ்டன் பிரிட்டிஷ் படையில். கைகரிடம் ஆராய்ச்சி செய்யப் பெர்லின் சென்றிருந்த சாட்விக், யுத்தம் மூண்டதும் கைது செய்யப்பட்டு, அது முடியும்வரை அங்கே ஒரு முகாமில் அடைபட்டுக் கிடந்தார். லாரன்ஸ் பிராக், எதிரியின் பீரங்கி ஒலி பல இடங்களை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு பீரங்கி இருக்கும் இடத்தைக் கணக்கிடும் வேலையில் அமர்த்தப்பட்டார். 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் தந்தைக்கும் கிடைத்த செய்தி அந்த வேலையின் நடுவில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய தம்பி ராபர்ட் கலிப்போலியில் இறந்திருந்தார். அதே ஆண்டின் நோபல் பரிசுக்கு மோஸ்லியின் பெயரும் முன்மொழியப்பட்டிருந்தது.

எதிரணியிலும் இதே கதைதான். ஷ்ரோடிங்கரின் ஆசிரியரான ஆஸ்திரிய இயற்பியலார் ஹாசனோர்ல் 1915 அக்டோபரில் இத்தாலியக் களத்தில் கொல்லப்பட்டார். ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்ட ஜெர்மானியர் ஷ்வார்ட்ஸ்சில்டு, ரஷ்யக் களத்தில் பணியாற்றியபோது பற்றிய நோயால் 1916 மே மாதத்தில் மறைந்தார்.

சாட்விக் உயிரோடு திரும்பினார். 1932இல் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். மோஸ்லி காலத்துச் சிக்கலுக்கு அதன்பிறகுதான் முழு விளக்கம் கிடைத்தது. கோபால்ட்டு அணுவின் கருவில் 27 புரோட்டான்கள், 32 நியூட்ரான்கள். இயற்கையில் கிடைக்கும் நிக்கலில் பெரும்பகுதிக்கு 28 புரோட்டான்கள், 30 நியூட்ரான்கள். அதனால்தான் கோபால்ட்டு கனமாக இருக்கிறது. வரிசையைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. எடையில் நியூட்ரான்களும் சேர்ந்துவிடுகின்றன. இந்த விடை கிடைத்தபோது மோஸ்லி இருந்திருந்தால் அவருக்கு வயது 44. சாட்விக் முகாமில் இருந்தார், மோஸ்லி மலைச்சரிவில் இருந்தார். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. இதில் தகுதிக்கு இடம் ஏது?

இழப்பை எப்படி அளப்பது?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது; அதை மறைக்காமல் கேட்டுவிடுவோம். மோஸ்லி விஞ்ஞானி என்பதால் மட்டுமா அவர் மரணம் பெரிய இழப்பு? அன்று அந்தச் சமதளத்தில் அவருக்குப் பக்கத்தில் விழுந்தவர்கள், மேலிருந்து இறங்கிவந்து மாண்ட துருக்கிய இளைஞர்கள், முகட்டில் உயிர்விட்ட கூர்க்காக்கள் ஆகியோர் மரணம் சிறிய இழப்பா? கலிப்போலியில் இரு தரப்பிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் 20க்கும் 30க்கும் இடைப்பட்ட வயதினர். யாருடைய தாய்க்கும் துயரம் குறைவாக இருந்திருக்காது.

மோஸ்லிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. களத்திற்குப் போவதற்கு முன் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஆய்வகத்தில் இருந்தார். அதனால் அவர் யார் என்று நமக்குத் தெரிந்தது. அந்த நான்கு ஆண்டுகள் கிடைக்காமலே போனவர்களுள் எத்தனை பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்று சொல்ல ஒரு விதியும் இல்லை. அணுக்களின் வரிசையில் எந்த இடம் காலி என்று மோஸ்லி துல்லியமாகச் சொன்னார். மனிதர்களின் வரிசையில் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது.

முதல் யுத்தம் தந்த பாடத்தை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஓரளவு மறக்கவில்லை. விஞ்ஞானிகளின் பெயர்களைப் பதிவுசெய்து, பலரையும் ராடார் போன்ற ஆராய்ச்சிகளுக்கு அனுப்பியது. அவர்கள் உயிர் காக்கப்பட்டது. ஆனால் அதே ஏற்பாடு அணுகுண்டையும் உருவாக்க உதவியது. அமெரிக்காவில் நடந்த அந்த வேலைக்குச் சென்ற பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைவர் சாட்விக். மோஸ்லி சொன்ன காலியிடங்களுள் கடைசியாக எஞ்சிய 61ஆம் தனிமமும் அந்தத் திட்டத்தின் ஊடேதான் கிடைத்தது. 1945இல் ஓக் ரிட்ஜ் அணு உலையில், பிளவுற்ற யுரேனியத்தின் எச்சங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிய பிரமீத்தியஸ் நினைவாகப் புரொமீத்தியம் என்று அதற்குப் பெயரிட்டனர். விஞ்ஞானியைக் குண்டுக்கு இரையாக்காமல் காப்பது நல்லதுதான். அவரைக் கொண்டு குண்டு செய்வதோடு அது நின்றுவிட்டால் போதுமா என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மோஸ்லியின் முறை இன்று நம் அன்றாட வாழ்விலும் வந்துவிட்டது. நகைக்கடையில் உங்கள் மோதிரத்தை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, உரசாமல், உருக்காமல், அதில் தங்கம் எத்தனை விழுக்காடு, செம்பு எத்தனை என்று சொல்கிறார்களே, அது எக்ஸ் கதிர்க் கோடுகளைப் படிக்கும் கருவி. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 சுமந்து சென்ற பிரக்யான் ஊர்தி நிலவின் மண்ணில் அலுமினியம், கால்சியம், இரும்பு முதலியவை இருப்பதை அறியப் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்றும் இதே தத்துவத்தில் இயங்கியது. பித்தளைத் துண்டிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் மோஸ்லி படித்தறிந்து அப்போது 110 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த முறை ஆய்வகத்திற்குள் நுழையும்போது சுவரில் உள்ள அட்டவணையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 43, 61, 72, 75 ஆகிய கட்டங்களைத் தேடிப்பாருங்கள். 27க்கும் 28க்கும் இடையே உங்கள் விரலை வைத்து, மேலே கொடுத்த கணக்கை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த இளைஞருக்குக் கல்லறை இல்லை. நினைவுநாள் கொண்டாடுவோரும் அதிகம் இல்லை. அவர் செய்த கணக்கை நாம் சரியாகச் செய்துபார்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.